அறைத்தோழர் அமைவது அதிர்ஷ்டமா, தேர்வா?

"அறை வாடகைக்கு. ஆண்களுக்கு மட்டும். எம்ஆர்டி அருகில். சமையல் இல்லை." சிங்கப்பூரில் அறை தேடிய எவருக்கும் இந்த வரிகள் புதியவை அல்ல. முன்பு மின்தூக்கி அருகிலும் பேருந்து நிறுத்தத்திலும் ஒட்டப்பட்ட இத்தகைய துண்டுக் காகிதங்கள் இன்று கைத்தொலைபேசித் திரைக்கு இடம் மாறிவிட்டன. வாசகம் மட்டும் மாறவில்லை. அறையைப் பற்றி, வாடகையைப் பற்றி, ரயில் நிலையத்தின் தூரத்தைப் பற்றி எல்லாம் அதில் இருக்கும். அந்த அறையில் ஏற்கெனவே இருக்கும் மனிதரைப் பற்றி ஒரு சொல்கூட இருக்காது.

ஆனால், அறையில் குடியேறுபவர் வாழப்போவது நான்கு சுவர்களோடு மட்டுமல்ல, அந்த மனிதரோடும்தான். அவர் எத்தனை மணிக்குத் தூங்குகிறார், எப்படிச் சமைக்கிறார், வாங்கிய கடனைத் திருப்பித் தருபவரா என்பனவெல்லாம் முன்பணம் கொடுத்த பிறகே தெரியவருகின்றன. அதனால்தான், "நல்ல அறைத்தோழர் கிடைப்பது அதிர்ஷ்டம்" என்று ஒரு சாரார் பெருமூச்சு விடுகிறார்கள். "இல்லை, கேட்டுத் தெரிந்து தேர்ந்தெடுத்தால் நல்லவர் கிடைப்பார்" என்கிறார்கள் மறுசாரார். இவற்றில் எது சரி?

பகிர்ந்து வாழ்வோர் யார்?

தமிழகத்திலிருந்து எஸ் பாஸ் அல்லது வேலைவாய்ப்பு அனுமதியில் வரும் பொறியாளர்கள், மருத்துவமனைத் தாதியர், ஜொகூருக்கு அன்றாடம் போய்வர முடியாத மலேசியர்கள், பல்கலைக்கழக மாணவர்கள் எனப் பலரும் அறை பகிர்ந்து வாழ்கிறார்கள். உள்ளூர்க்காரர்களும் இதில் உண்டு. திருமணமாகாத சிங்கப்பூரர் தனியாக வீவக வீடு வாங்க 35 வயது வரை காத்திருக்க வேண்டும். அதற்கு முன்பே பெற்றோர் வீட்டைவிட்டுத் தனியே வாழ விரும்புவோருக்கு வாடகை அறையே வழி.

வாடகை உயர்வு பலருக்கு வேறு வழி இல்லாமல் செய்துவிட்டது. தனியார் வீடுகளின் வாடகைக் குறியீடு 2022ஆம் ஆண்டில் மட்டும் 29.7 விழுக்காடு ஏறியது. 2023ல் மேலும் 8.7 விழுக்காடு கூடியது. 2024ல் சற்று இறங்கினாலும், முந்தைய ஏற்றத்தில் பெரும்பகுதி அப்படியே நின்றுவிட்டது. தனியாக ஓர் அறை எடுத்திருந்தவர் இன்னொருவரைச் சேர்த்துக்கொள்கிறார். இருவர் இருந்த அறையில் மூன்றாவது கட்டில் போடப்படுகிறது. இப்படி அவசரத்தில் சேரும்போது ஆளைப் பற்றி விசாரிக்க நேரம் இருப்பதில்லை. சிக்கலும் அங்கேயே தொடங்குகிறது.

அதிர்ஷ்டம் என்போரின் வாதம்

அதிர்ஷ்டம் என்று சொல்வோரின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. புதிதாக வருபவர் ஊரிலிருந்தே அறை பிடிக்க வேண்டியிருக்கிறது. தொலைபேசியில் பேசும்போது எல்லாருமே நல்லவர்களாகத்தான் தெரிகிறார்கள். "தம்பி, ஒண்ணும் கவலைப்படாதீங்க, இங்க எல்லாம் நம்ம பையன்களா இருக்காங்க" என்ற உறுதிமொழியை நம்பி வருபவருக்கு, அந்த நம்ம பையன்களில் ஒருவர் விடியற்காலை இரண்டு மணிக்கு வேலை முடிந்து வந்து விளக்கைப் போடுவார் என்பது எப்படித் தெரியும்?

வேலை மாறுவதும் மனிதர் மாறுவதும் கையில் இல்லை. பகல் வேலை பார்த்தவர் இரவு முறைக்கு மாற்றப்படலாம். கலகலப்பாக இருந்தவர் ஊரில் ஏற்பட்ட கடன் தொல்லையால் வாய் திறக்காமல் போகலாம். இதை முன்கூட்டியே அறிய முடியாது என்பது உண்மைதான்.

ஆனால், முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடிந்ததையும் பெரும்பாலோர் கேட்பதில்லை என்பதும் உண்மை. கேட்காமல் விட்டதன் விளைவுக்கு அதிர்ஷ்டம் பழி சுமக்கிறது.

ஊரைக் கேட்பதா, பழக்கத்தைக் கேட்பதா?

அறை தேடுபவரிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி, "எந்த ஊர்?" என்பது. அடுத்து எந்த மாவட்டம், எந்தப் பக்கம், சைவமா அசைவமா என்று விசாரணை நீளும். சில வேளைகளில் சாதியை நேரடியாகக் கேட்கக் கூச்சப்பட்டு, குலதெய்வத்தையோ தெருப் பெயரையோ கேட்டு ஊகிப்பதும் நடக்கிறது.

இதே தமிழர்கள், "இந்தியர்களுக்கு இல்லை" என்று எழுதிய வாடகை விளம்பரத்தைக் கண்டால் மனம் புண்படுகிறார்கள். புண்படுவது நியாயமே. சிங்கப்பூரில் இத்தகைய விளம்பரங்கள் பல ஆண்டுகளாகச் செய்திகளில் இடம்பெற்றுக் கண்டனத்துக்கு ஆளாகியிருக்கின்றன. இனத்தைக் காட்டி ஒதுக்கும் விளம்பரங்களை வெளியிடக்கூடாது என்பது சொத்து முகவர்களுக்குச் சொல்லப்பட்டிருக்கும் நெறி. வீட்டுக்காரரைக் கேட்டால், "எண்ணெய்ப் புகை, மசாலா வாடை" என்று காரணம் சொல்வார். அவருக்கு வேண்டாதது புகை. அவர் ஒதுக்கியதோ ஓர் இனத்தை. எண்ணெயே சேர்க்காமல் சமைக்கும் இந்தியரும் உண்டு, நாள் முழுவதும் வறுத்துப் பொரிக்கும் பிற இனத்தவரும் உண்டு.

ஊரையும் சாதியையும் கேட்டு அறைத்தோழரைத் தேர்ந்தெடுப்பவர் செய்வதும் இதே பிழைதான். ஒரே தெருவில் பிறந்த இருவரில் ஒருவர் குளித்த பின் குளியலறையைத் துடைத்துவிட்டு வருவார். மற்றவர் ஈரத்துணியை அங்கேயே விட்டுவிட்டு வருவார். இந்த வேறுபாட்டை ஊர்ப்பெயர் காட்டிக்கொடுக்காது. மொழி ஒன்றாக இருப்பது பேச்சுத் துணைக்கு உதவும், மறுப்பதற்கில்லை. ஆனால் அறைக்குள் சண்டை மூள்வது மொழியால் அல்ல. தூக்கம், துப்புரவு, பணம், சத்தம் ஆகிய நான்கினால்தான். கேட்க வேண்டிய கேள்விகளும் அந்த நான்கைச் சுற்றியே அமைய வேண்டும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

முதலாவது தூக்கம். எத்தனை மணிக்கு வேலை, முறை மாறுமா, விளக்கை அணைக்கும் நேரம் என்ன? சிங்கப்பூருக்கும் தமிழகத்துக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். ஊரில் எல்லாரும் சாப்பிட்டு முடித்து ஓய்வாகப் பேச உட்காரும் இரவு ஒன்பதரை மணி, இங்கே நள்ளிரவு. மனைவியோடும் குழந்தையோடும் பேசும் அந்த அரைமணி நேரமே ஒருவருக்கு நாள் முழுவதற்கும் ஆறுதல். அதே அரைமணி நேரம், காலை ஐந்து மணிக்கு எழ வேண்டிய அடுத்த கட்டில்காரருக்குத் தண்டனை. இதில் இருவர் மீதும் குற்றமில்லை. "இரவு 11 மணிக்கு மேல் பேசுவதென்றால் கீழ்த்தளத்துக்குப் போய்ப் பேசுவது" என்று முதல் நாளே முடிவு செய்யாததுதான் குற்றம்.

இரண்டாவது குளியலறை. இதற்குச் சிறு கணக்குப் போதும். நான்கு பேர், ஒரு குளியலறை, ஆளுக்கு 15 நிமிடம் என்றால் மொத்தம் ஒரு மணி நேரம். நால்வரும் ஏழரைக்குக் கிளம்ப வேண்டும், உடை மாற்றக் கால் மணி நேரம் வேண்டும் என்றால், முதலாமவர் 6.15க்கே குளிக்கப் போயாக வேண்டும். அந்த முதலாமவர் யார்? "அண்ணே, காலையில நீங்க எத்தனை மணிக்குக் குளிப்பீங்க?" என்று கேட்பது அற்பமான கேள்வியாகத் தோன்றலாம். ஓராண்டுக் காலத்தில் ஏறக்குறைய 250 வேலைநாள் காலைகளின் நிம்மதி அந்தக் கேள்வியில் அடங்கியிருக்கிறது.

மூன்றாவது சமையலறை. யார் சமைப்பது, எந்த நாளில், பாத்திரம் கழுவுவது எப்போது? சைவ உணவுக்காரர் தனிப் பாத்திரம் எதிர்பார்க்கிறாரா? முஸ்லிம் நண்பர் இருந்தால் ஹலால் அல்லாத இறைச்சி குளிர்பதனப் பெட்டிக்குள் வரலாமா? நோன்பு மாதத்தில் விடியலுக்கு முன் அவர் எழுந்து சாப்பிடும்போது மற்றவர்கள் பொறுத்துக்கொள்வார்களா? கருவாடு வறுப்பதற்கும் அறைக்குள் ஊதுபத்தி ஏற்றுவதற்கும் எல்லாரும் சம்மதமா? முன்பே பேசிவிட்டால் இவை வெறும் ஏற்பாடுகள். பேசாமல் விட்டால் மதச் சண்டையாகவும் மாறக்கூடும்.

நான்காவது பணம். வாடகை எந்தத் தேதியில், மின்சாரக் கட்டணத்தை எப்படிப் பிரிப்பது? குளிரூட்டிதான் பெரும்பாலும் தகராறின் மூலம். சராசரியாக முக்கால் கிலோவாட் இழுக்கும் குளிரூட்டி இரவு எட்டு மணி நேரம் ஓடினால் 6 யூனிட், மாதத்துக்கு 180 யூனிட். இரவு வேலைக்குப் போகும் ஒருவர், "நான் இல்லாதபோது ஓடும் குளிரூட்டிக்கு நான் ஏன் கட்ட வேண்டும்?" என்று கேட்டால் அது கஞ்சத்தனம் ஆகாது. அவர் பகலில் தூங்கும்போது ஓடுவதையும் சேர்த்துக் கணக்குப் பார்ப்பதே முறை.

ஐந்தாவது விருந்தினர். நண்பர்கள் வரலாமா, எத்தனை மணி வரை, இரவு தங்கலாமா? புகைபிடிப்பது, மது அருந்துவது ஆகியவற்றையும் இதோடு சேர்த்துக் கேட்டுவிட வேண்டும்.

கேட்பவர் தம்மைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். "நான் குறட்டை விடுவேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுபவரை ஏற்றுக்கொள்ளும் மனிதர்கள் உண்டு. மறைத்துவிட்டு வந்து முதல் இரவிலேயே அகப்பட்டுக்கொள்பவர் மேல் மற்றவர்களுக்கு எழுவது கோபம் மட்டுமல்ல, அவநம்பிக்கையும்தான்.

பகலில் அல்ல, இரவில் பாருங்கள்

பொதுவாக வீடு பார்க்கச் செல்வது ஞாயிறு பகலில். அப்போது வீடு சுத்தமாக இருக்கும், பாதிப் பேர் தேக்காவுக்குப் போயிருப்பார்கள். வார நாளில், இரவு ஒன்பது மணிக்குமேல் ஒருமுறை சென்று பார்ப்பதே பயன் தரும். உள்ளே உண்மையில் எத்தனை பேர் இருக்கிறார்கள், தொலைக்காட்சி எவ்வளவு சத்தம், கழுவுதொட்டியில் எத்தனை பாத்திரம் கிடக்கிறது, துணி காயப்போட இடம் இருக்கிறதா என்பன அப்போது கண்ணில் படும். வெளியேறப்போகும் பழைய அறைத்தோழர் இருந்தால், ஏன் போகிறார் என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்பது நூறு விளம்பரங்களைப் படிப்பதற்குச் சமம்.

சட்டம் தெரிந்திருக்க வேண்டும்

மனம் ஒத்துப்போனால் மட்டும் போதாது, வீடும் சட்டத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். வீவக வீட்டின் அறையை வாடகைக்கு விடுபவர் முன்னதாகக் கழகத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும். அறைகளை மட்டும் விடுபவர் அதே வீட்டில் தொடர்ந்து குடியிருக்கவும் வேண்டும். ஓர் அறையைப் பூட்டி வைத்துவிட்டு, "நானும் இங்கேதான் இருக்கிறேன்" என்று காட்டி முழு வீட்டையும் விடுவது விதிமீறல். குறைந்தபட்ச வாடகைக் காலம் ஆறு மாதம். வெளிநாட்டவரின் அனுமதிச் சீட்டும் விண்ணப்பிக்கும் நாளில் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். தனியார் வீடுகளில் குறைந்தபட்சக் காலம் மூன்று மாதம்.

ஆள் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. மூன்றறை வீட்டில், உறவினர் அல்லாதவர்கள் ஆறு பேர் வரை இருக்கலாம். நான்கறை மற்றும் அதைவிடப் பெரிய வீவக வீடுகளில் இந்த வரம்பு 2024 ஜனவரி 22 முதல் தற்காலிகமாக எட்டுப் பேராக உயர்த்தப்பட்டது. பத்துப் பேரை அடைத்து வைத்து வாடகையைக் குறைத்துக் காட்டும் வீடு மலிவானதல்ல, ஆபத்தானது. நடவடிக்கை எடுக்கப்பட்டால் இரவோடு இரவாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டியவர்கள் குடியிருப்பவர்களே.

வீவக வீட்டில் வாடகைக்கு இருப்பவர் இன்னொருவருக்கு உள்வாடகைக்கு விட அனுமதி இல்லை. முழு வீட்டையும் தம் பெயரில் எடுத்து, கட்டில் கட்டிலாகப் பிறருக்கு விட்டுச் சம்பாதிப்பவர்கள் உண்டு. அவர்களிடம் கொடுக்கும் முன்பணத்துக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது. உரிமையாளர் யார், அவருடைய ஒப்புதல் எங்கே, புதிதாக வருபவரின் பெயர் பதிவு செய்யப்படுமா என்று கேட்பது உரிமை. முகவர் வழியாக வந்தால், அவர் பெயர் சொத்து முகவர் மன்றத்தின் பொதுப் பதிவேட்டில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். வீவக வாடகைப் பணத்தை முகவர் தம் கையில் வாங்கக்கூடாது என்பதும் விதி.

எழுதி வைத்தால் உறவு கெடுமா?

"நமக்குள்ள எதுக்குப்பா அக்ரிமெண்ட்?" என்று கேட்டு ஒதுங்குவது தமிழர்களிடையே பரவலான வழக்கம். எழுதினால் நம்பிக்கை இல்லை என்று பொருளாகிவிடுமோ என்ற தயக்கம். உண்மையில் எழுத்து நட்பைக் கெடுப்பதில்லை, மறதியினால் வரும் சண்டையைத்தான் தடுக்கிறது.

நால்வர் சேர்ந்து மாதம் 3,200 வெள்ளிக்கு ஒரு வீட்டை எடுத்ததாக வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 800 வெள்ளி. ஒப்பந்தத்தில் நால்வரும் கையெழுத்திடும்போது, "கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு" என்ற வாசகம் இருந்தால், ஒருவர் சொல்லாமல் போய்விட்டாலும் வீட்டுக்காரருக்கு முழு 3,200ம் போய்ச் சேர வேண்டும். மீதமுள்ள மூவரும் ஆளுக்கு ஏறக்குறைய 1,067 வெள்ளி கட்ட வேண்டிவரும். ஊருக்குப் பணம் அனுப்பும் ஒருவருக்கு அந்த 267 வெள்ளி, அம்மாவின் மருந்தாக இருக்கலாம், தங்கையின் கல்லூரிக் கட்டணமாக இருக்கலாம். ஆகவே விலகுபவர் எத்தனை நாளுக்கு முன் சொல்ல வேண்டும், மாற்று ஆளைத் தேடுவது யார் பொறுப்பு, அதுவரை அவர் பங்கு என்னாகும் என்பதைத் தங்களுக்குள் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திடுவது அவசியம். மாற்று ஆள் வருவதற்கு உரிமையாளரின் சம்மதமும் பதிவும் தேவை.

வாடகை ஒப்பந்தத்துக்கு முத்திரை வரியும் உண்டு. நான்கு ஆண்டுக்கு மேற்படாத ஒப்பந்தத்துக்கு, மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு. மேற்சொன்ன வீட்டுக்கு ஓராண்டு வாடகை 38,400 வெள்ளி, வரி 153 வெள்ளி 60 காசு. ஆளுக்கு நாற்பது வெள்ளிகூட ஆகாது. சிங்கப்பூரில் கையெழுத்திட்ட 14 நாளுக்குள் இதைக் கட்ட வேண்டும். முத்திரை வரி கட்டாத ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் சான்றாகக் காட்ட முடியாது. சிறு தொகையை மிச்சம் பிடிக்கப்போய்ப் பெரும் உரிமையை இழக்கலாகாது. குடியேறும் நாளில் சுவர், மெத்தை, குளிரூட்டி ஆகியவற்றைப் படமெடுத்து வைப்பதும், முன்பணத்துக்கு ரசீது வாங்குவதும் பின்னால் கைகொடுக்கும்.

ஒத்துப்போகாவிட்டால்?

எல்லாம் கேட்டு, எல்லாம் எழுதியும் சில வேளைகளில் மனம் ஒத்துப்போகாது. முதல் மாத முடிவில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து பேசுவது நல்ல வழக்கம். குறையை அப்போதே, அவரிடமே, தனியாகச் சொல்லிவிட வேண்டும். மூன்றாமவரிடம் சொல்லப்பட்ட குறை சுற்றிவந்து சேரும்போது இரண்டு மடங்காகியிருக்கும். குறிப்புத் தாளைக் கதவில் ஒட்டுவதும், குழுச் செய்தியில் பெயர் சொல்லாமல் குத்திக்காட்டுவதும் யாரையும் திருத்தியதில்லை.

பேச்சு பலிக்காவிட்டால் சமூக மத்தியஸ்த நிலையத்தை நாடலாம். அங்கே யாரும் தீர்ப்பு வழங்குவதில்லை, இரு தரப்பும் தாங்களே உடன்பாட்டுக்கு வர உதவுவார்கள். வீட்டுக்காரர் முன்பணத்தைத் திருப்பித் தர மறுத்தால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் இருக்கிறது. இரண்டாண்டுக்கு மேற்படாத குடியிருப்பு வாடகை ஒப்பந்தம் தொடர்பாக 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வெள்ளி வரை, வழக்கறிஞர் இல்லாமலே அங்கு முறையிடலாம். அடிதடியோ மிரட்டலோ திருட்டோ நடந்தால் அது அறைத்தோழர் பிணக்கு அல்ல, காவல்துறைக்குப் போக வேண்டிய குற்றம். "நம்ம ஊர்க்காரர் ஆச்சே" என்று பொறுத்துப் போவதற்கும் எல்லை உண்டு.

பெட்டியும் பாயும் சொன்ன பாடம்

சிங்கப்பூர்த் தமிழர்களுக்குப் பகிர்ந்து வாழ்வது புதிதல்ல. மார்க்கெட் ஸ்திரீட்டில் இருந்த செட்டியார்களின் கிட்டங்கிகளில், நீண்ட கூடத்தில் வரிசையாகப் பெட்டிகள் இருக்கும். ஒவ்வொரு பெட்டியின் முன்னும் ஒருவர் உட்கார்ந்து கொடுக்கல் வாங்கல் நடத்துவார். இரவில் அதே கூடத்தில் பாய் விரித்துத் தூங்குவார்கள். தொழிலில் ஒருவருக்கொருவர் போட்டியாளர்கள். ஆனாலும் ஒரே கூரையின் கீழ் வாழ முடிந்தது. ஒவ்வொருவரின் இடமும் எது, பொது இடம் எது, எதற்கு யார் பொறுப்பு என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அவர்கள் ஒரே சமூகத்தவர், எழுதாமலே புரிந்த வழக்கங்கள் அவர்களுக்கு இருந்தன. இன்று ஓர் அறையில் சேரும் நால்வர் நான்கு விதமான வழக்கங்களோடு வருகிறார்கள். அதனால்தான் அன்று சொல்லாமல் புரிந்ததை இன்று சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கிறது.

ஆக, அதிர்ஷ்டமா, தேர்வா? யார் எதிரே வந்து நிற்கிறார் என்பதில் அதிர்ஷ்டத்துக்குப் பங்கு உண்டு. அவரிடம் என்ன கேட்பது, தம்மைப் பற்றி என்ன சொல்வது, எதை எழுதி வைப்பது என்பவை முழுக்கத் தேர்வு. அதோடு, எந்தத் தேர்வும் ஒருவழிப் பாதை அல்ல. நல்ல அறைத்தோழரைத் தேடும் ஒவ்வொருவரும் வேறொருவர் தேடிக்கொண்டிருக்கும் அறைத்தோழரும்கூட. இரவு வேலை முடிந்து வருபவர், விளக்கைப் போடாமல் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தால், அடுத்த கட்டிலில் தூங்குபவருக்கு அது தெரியவே தெரியாது. காலையில் நன்றாகத் தூங்கி எழுந்தோம் என்பது மட்டும் தெரியும். வாடகை அறை வீடாக மாறுவது அப்படித்தான்.